அறிக்கையில் சேராதவை

அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் நான்.
கையெழுத்து வடிவென்று தெரிவு செய்தார்கள்,
வேறு தகுதி இல்லை.
வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டரை,
நீர்வேலி, தரம் நான்கு வகுப்பறை.
பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் இடிக்க
முப்பத்தொரு பெற்றோர்.
தேவாரம். வரவேற்புரை. சென்ற கூட்ட அறிக்கை.
முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர்.
இவ்வளவும் கொப்பியில் இருக்கிறது.

பி.எச்.ஐ. கடிதத்தை வாசிக்கமுன்
கண்ணாடியை இரண்டுதரம் துடைத்தது
கொப்பியில் இல்லை.
பாடசாலைக் கிணறு. நைத்திரேற்று எழுபத்தெட்டு.
ஐம்பதுக்கு மேலே போகக்கூடாதாம்.
"கொதிக்க வைச்சுக் குடுக்கலாம்தானே?" என்றா பிரதீபா.
"கொதிக்கக் கொதிக்க அது இன்னும் இறுகும், தங்கச்சி."
அதற்குப் பிறகு ஒருத்தரும் செருமக்கூட இல்லை.

முதலில் எல்லாரும் மலகூடக் குழியைச் சொன்னோம்.
பழைய குழி, அடி கட்டாதது,
கிணற்றிலிருந்து முப்பத்தாறு அடி,
அதிபர் நாடா பிடித்து அளந்து வைத்திருந்தா.
பிறகு கொந்தராத்துக்காரன். பிறகு வலயம்.
பிறகு கொழும்பு.
ஆளுக்கொரு பக்கம் விரல் நீட்டினோம்.
நீட்டின விரல்கள் சிலவற்றின் நகக்கண்ணில்
காலமை வீசின யூரியா.

அருள்நேசன் எழும்பினார்.
மதிலுக்கு அங்காலை அறுநூறு வாழை.
அவர் இருந்த மேசையில்
கொம்பாசு முனையால் கீறிய பெயர்: அக்சயன். அவரது பெடியன்.
"என்ர பக்கத்தாலயும் வரும்" என்றார்.
"சொன்ன அளவுக்கு நான் போடுறேல்லை. மூண்டு மடங்கு போடுறன்.
குலை சின்னனெண்டால் சந்தையில ஆர் வாங்குறது?"

எழுதினேன்:
'நீரின் தரம் பற்றி நீண்ட கலந்துரையாடல் இடம்பெற்றது.'

ஒரு சாண் தள்ளிக் கதியால் நட்டதற்குப்
பதினேழு வருசம் வழக்காடுகிற ஊர் இது.
நில அளவையாளர் வந்து
பூவரசு எந்தப் பக்கம் சாய்கிறதென்று
படம் கீறிக்கொண்டு போனார்.
கீழே, சுண்ணாம்புக்கல்லின் பொந்துகளுக்குள்,
தோம்பும் இல்லை உறுதியும் இல்லை,
தண்ணீர்
எல்லாற்றை காணிக்குள்ளாலும் போய்வருகிறது.

தீர்மானம் ஒன்று: குடிக்கப் பவுசர் தண்ணீர்.
இரண்டு: பழைய குழியை இறைத்து மூடிப்
புதியதை வடமேற்கு மூலையில், அடி கட்டி.
சீமெந்து பிரதீபாவின் புருசன். மேசன் கூலி இலவசம்,
சாப்பாடு ஐந்தாம் தரத்துத் தாய்மார்.
மூன்றாவதை எங்கே எழுதுவதென்று தெரியவில்லை,
அது பாடசாலைக் காணி இல்லை:
மதிலோரம் நாலு வரிசை வாழைக்கு யூரியா இல்லை.
முன்மொழிந்தவர் அருள்நேசன்.
வழிமொழிய ஆள் தேடி நிமிர்ந்தேன்.
பின்வாங்கிலிருந்து சுகந்தமலர்.
அந்தப் பதினேழு வருச வழக்கின் எதிராளி.
குரல் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கிணற்றடிப் பலகையைப் பிள்ளைகள் எழுதினார்கள்:
'கை களுவ மட்டும்.'
ழகரமா ளகரமா என்று தகப்பன்மார்
அரைமணித்தியாலம் நின்று கதைத்தார்கள்.
வடிவான கையெழுத்துக்காரி நான் திருத்தவில்லை.
குழி வெட்டிய மூன்று சனிக்கிழமையும்
கல்லில் அலவாங்கு துள்ளிய சத்தம்
சந்திக் கடைவரை கேட்டது.

மாசியில் மறுபடி போத்தல் நிரப்பி அனுப்பினோம்.
அறுபத்தொன்பது.
சிலபேர் கைதட்டினார்கள்.
"மாரித் தண்ணி கலந்ததாயும் இருக்கலாம்" என்றார் பி.எச்.ஐ.
கைதட்டல் பாதியில் நின்றது.
இதையும் எழுதவில்லை.

நேற்று, பவுசர் வந்து நின்ற நேரம்,
அக்சயன் குழாயடியில் போத்தலை மூடாமல் கேட்டான்:
"ரீச்சர், இது எந்தக் கிணத்துத் தண்ணி?"
ரீச்சர் சாரதியைப் பார்த்தா.
சாரதி குழாயைப் பார்த்தான்.

அடுத்த கூட்டத்து நிகழ்ச்சிநிரலில்,
தேவாரத்துக்கும் முன்னால்,
அந்தக் கேள்வியை
அவன் கேட்டபடியே எழுதியிருக்கிறேன்.